சூப்பர்ஹீரோ அனிமேயின் ஈர்ப்பு: சக்திக்கு எழுதப்பட்ட கணக்கு

கேள்வி இது: மை ஹீரோ அகாடமியா, ஒன் பஞ்ச் மேன் மாதிரியான சூப்பர்ஹீரோ அனிமேக்களில், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில், ரசிகர்கள் ஏன் இவ்வளவு ஊறிப்போகிறார்கள்? பறப்பதும் அடிப்பதும் எல்லா ஊர்ப் படங்களிலும் இருக்கிறது. இங்கே மட்டும் இருபதாவது துணைப் பாத்திரத்துக்குக்கூடத் தனி ரசிகர் கூட்டம், அதே உலகத்தில் சொந்தமாகப் பாத்திரம் உருவாக்கி வரைகிறவர்கள் வேறு. காரணம் என்ன?

காரணம், இந்தக் கதைகளில் சக்திக்குக் கணக்கு உண்டு. எவ்வளவு, எத்தனை நேரம், எதைத் தின்று அது வேலை செய்கிறது, அளவு மீறினால் உடம்பில் எங்கே வலிக்கும் என்பதெல்லாம் முன்பே சொல்லப்பட்டுவிடுகிறது. கணக்குத் தெரிந்தபின் பார்க்கிறவர் சும்மா வேடிக்கை பார்க்க முடியாது. பாத்திரத்தோடு சேர்ந்து அடுத்த நகர்வைத் தானும் யோசிக்கத் தொடங்குகிறார். அந்த உலகத்துக்குப் பரீட்சை, சட்டம், உரிமம், சம்பளம் எல்லாம் இருப்பதால், ‘நான் அங்கே பிறந்திருந்தால் என்னவாக இருப்பேன்’ என்ற கேள்விக்கும் உருப்படியான விடை கிடைக்கிறது. நன்றாக எடுத்துக்காட்டக்கூடிய மை ஹீரோ அகாடமியாவை வைத்தே பெரும்பகுதியைச் சொல்கிறேன். கதையின் முக்கியத் திருப்பங்கள் இதில் வரும். இன்னும் பார்க்காதவர்கள் கடைசிப் பத்திக்கு முந்தைய இரண்டு பத்திகளை மட்டும் படிக்கலாம்.

ஹொரிகோஷி கோஹெய் வரைந்த இந்த மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, 2014 ஜூலையில் வாராந்திர ஷோனென் ஜம்ப் இதழில் தொடங்கி, 2024 ஆகஸ்டில் 430ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. போன்ஸ் ஸ்டூடியோவின் அனிமே 2016 ஏப்ரலில் வந்தது. எட்டாவது, இறுதி சீசன் 2025இல். மனிதர்களில் 80 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சிறப்புச் சக்தி இருக்கும் உலகம் அது. நான்கு வயதுவாக்கில் சக்தி வெளிப்படும். மிதோரியா இசுகு என்ற சிறுவனுக்கு வெளிப்படவில்லை. மருத்துவர் காலின் எக்ஸ்ரேயைக் காட்டுகிறார்: சுண்டுவிரலில் இரண்டு மூட்டுகள். சக்தி உள்ளவர்களுக்கு அந்த மூட்டு தேவையற்றதாகி மறைந்துவிட்டது. இவனுக்கு இருக்கிறது, ஆகவே சக்தி வராது. ஒரு குழந்தையின் கனவு ஒரு கால்விரல் எலும்பில் முடிந்துபோகிறது. இந்தத் துல்லியம்தான் கதை முழுவதற்கும் அடித்தளம்.

இந்தச் சக்தியை ரசிகர்கள் குவர்க் என்பார்கள். ஜப்பானிய மூலத்தில் அது ‘கோசெய்’, அதாவது தனித்தன்மை. சக்தியில்லாதவன் ‘முகோசெய்’, தனித்தன்மை அற்றவன். மொழிபெயர்ப்பில் இந்தக் கனம் கரைந்துவிடுகிறது. 1980களின் நடுவில் நகசோனே அரசு அமைத்த கல்விச் சீர்திருத்தக் குழு ‘கோசெய்க்கு முதன்மை’ என்பதைக் கொள்கையாகவே முன்வைத்தது. அதன்பின் ஜப்பானியப் பள்ளிகளில் திரும்பத் திரும்ப ஒலித்த சொல் அது. ‘உன் தனித்தன்மையை வளர்த்துக்கொள்’ என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு, ‘உனக்குத் தனித்தன்மை இல்லை’ என்று மருத்துவர் சொல்லும் காட்சி எங்கே போய்க் குத்தும் என்று விளக்க வேண்டியதில்லை.

கணக்கு எப்படிக் கதையை நடத்துகிறது என்பதற்கு முதல் சம்பவமே போதும். சாக்கடைச் சகதி போன்ற உடம்புள்ள ஒரு வில்லன், பாகுகோ என்ற மாணவனைப் பிடித்துக்கொள்கிறான். அந்தப் பையனின் வெடிப்புகளால் தெருவெங்கும் தீ. நான்கு தொழில்முறை ஹீரோக்கள் அங்கேயே நிற்கிறார்கள், யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ராட்சத உருவம் எடுக்கும் மவுண்ட் லேடிக்கு இரண்டு வாகனம் போகும் அகலமாவது வேண்டும். அது குறுகிய தெரு. கமுய் வுட்ஸின் உடம்பு மரம், தீ ஆகாது. டெத் ஆர்ம்ஸ் முரட்டு பலசாலி. ஆனால் சகதியைக் கையால் பிடிக்க முடியாது. தண்ணீரை ஆளும் பேக்டிராஃப்ட் தீயணைப்பில் இருக்கிறார். பொருத்தமான சக்தி உள்ளவர் வரும்வரை காத்திருப்போம் என்று முடிவெடுக்கிறார்கள். அது கோழைத்தனமும் இல்லை. அவர்கள் கணக்கு சரிதான். அந்த நேரத்தில் எந்தச் சக்தியும் இல்லாத மிதோரியா கால் போன போக்கில் உள்ளே ஓடுகிறான். எல்லோருடைய எல்லையும் நமக்கு முன்பே தெரிந்திருப்பதால்தான் அந்த ஓட்டத்துக்கு அவ்வளவு பலம். எதையும் செய்ய வல்ல ஹீரோக்கள் நான்கு பேர் நின்றிருந்தால் காட்சியே பொய்யாகியிருக்கும்.

மிதோரியா சேரும் ஹீரோ பயிற்சிப் பள்ளியான யு.ஏ.வில், அவனுடைய 1-ஏ வகுப்பின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு விலைப்பட்டியல் உண்டு. உரராகா ஐந்து விரல் நுனிகளாலும் தொட்டால் பொருள் எடையை இழக்கும். சுமார் 3 டன் வரை தாங்குவாள், மீறினால் வாந்தி. பாகுகோவின் உள்ளங்கை வியர்வை நைட்ரோகிளிசரின் போன்றது. வியர்க்க வியர்க்க வெடிப்பு பெரிதாகும், குளிரில் சூடேறவே நேரம் பிடிக்கும். யாவோயோரோசு உடம்பின் கொழுப்பிலிருந்து பொருள்களை உண்டாக்குவாள். அந்தப் பொருளின் மூலக்கூறு அமைப்பு தெரிந்திருக்க வேண்டும், நிறையச் சாப்பிடவும் வேண்டும். அவள் நன்றாகப் படிக்கிற பெண்ணாக இருப்பது சக்தியின் தேவையாகவே ஆகிவிடுகிறது. கமினாரி மின்சாரத்தை அளவு மீறி வெளியேற்றினால் கொஞ்ச நேரம் மூளை மந்தமாகிவிடும். இய்தாவின் கெண்டைக்கால் எஞ்சினுக்கு எரிபொருள் ஆரஞ்சு ஜூஸ். அவர்களுடைய ஆசிரியர் ஐசாவா பார்வையாலேயே பிறர் சக்தியை அணைப்பார். கண் சிமிட்டினால் போச்சு, அவருக்கோ கண் வறட்சி.

உடைகளும் இந்தக் கணக்கிலிருந்தே வருகின்றன. ஐசாவாவின் கண்ணாடி அழகுக்கு அல்ல: அவர் யாரைப் பார்க்கிறார் என்பது எதிரிக் கூட்டத்துக்குத் தெரியாமல் போகும், யாருடைய சக்தி எப்போது அணையும் என்று தெரியாததால் அவர்களால் சேர்ந்து இயங்க முடியாது. பாகுகோவின் பெரிய கைக்கவசங்கள் வியர்வையைச் சேமித்து வைக்கும் கொள்கலன்கள். கமினாரியின் மின்சாரம் நாலாபக்கமும் சிதறுவதால், பிறகு அவனுக்கு எதிரிமேல் ஒட்டிக்கொள்ளும் வட்டுகளைச் சுடும் கருவி கிடைக்கிறது; மின்சாரம் வட்டை நோக்கிப் போகும். பள்ளியில் இதற்கென்றே கருவி வடிவமைக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. சண்டையே பிடிக்காத ரசிகர்கள்கூட இந்தக் கருவிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதைப் பார்க்கலாம்.

மிதோரியாவுக்கு வருவோம். ஆல் மைட் என்ற முதல் நிலை ஹீரோ தன் சக்தியை அவனுக்குக் கொடுக்க முன்வருகிறார். கேட்டவுடன் கிடைக்கவில்லை: குப்பை மேடான கடற்கரையைப் பத்து மாதம் சுத்தம் செய்து உடம்பைத் தயார்ப்படுத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் முழுச் சக்தியை ஒருமுறை பயன்படுத்தினால் எலும்பு நொறுங்கும். பள்ளி மருத்துவர் ரிகவரி கேர்ள் குணப்படுத்துவார், ஆனால் காயம்பட்டவரின் சொந்தத் தெம்பை எடுத்துத்தான். அதுவும் இலவசமில்லை. கடைசியில் முழுச் சக்தியில் 5 சதவீதத்தை உடம்பெங்கும் பரப்பி ஓடக் கற்கிறான். அதன்பின்னும் ஒரு பெரும் சண்டையில் கை பாழாகி, இன்னும் இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் கை வேலை செய்யாது என்று மருத்துவர் எச்சரித்தபின், கால்களால் சண்டையிடும் முறைக்கு மாறுகிறான். அந்த 5 என்ற எண்ணை ரசிகர்கள் மறப்பதில்லை. வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிற ஒரு அளவுகோலாகிவிட்டது.

ஜப்பானிய மரபில் இது புதிதல்ல. 1966இல் தொலைக்காட்சிக்கு வந்த அல்ட்ராமேன் பூமியில் சுமார் மூன்று நிமிடமே தாக்குப்பிடிப்பார். மார்பிலுள்ள விளக்கு மினுக்கத் தொடங்கினால் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் நெஞ்சு படபடக்கும். 1971இல் வந்த காமென் ரைடர், தன்னைக் கடத்தி உடம்பை மாற்றிய வில்லன் கூட்டத்தின் தொழில்நுட்பத்தையே சக்தியாகக் கொண்டவர். எல்லையுள்ள சக்தி, கறையுள்ள சக்தி: இரண்டும் அந்த நாடகங்களிலிருந்து அனிமேக்கு வந்தவை. ஹொரிகோஷி அவற்றோடு தனக்குப் பிடித்த அமெரிக்கக் காமிக்ஸைச் சேர்த்தார். ஆல் மைட்டை மட்டும் அந்தப் பாணியின் கனத்த நிழல்களோடு வரைந்து, குத்துகளுக்கு டெட்ராய்ட், டெக்சாஸ் என்று பெயர் வைத்தார். பக்கத்தில் நிற்கிறவர்களைவிட வேறு உலகத்து ஆள் போல அவர் தெரிவது அதனால்தான்.

பள்ளிக்கூடம் என்பது இன்னொரு வலுவான கொக்கி. யு.ஏ. பள்ளியின் ‘ஹென்சாச்சி’ 79 என்று கதையில் வருகிறது. ஜப்பானில் நுழைவுத்தேர்வு எழுதுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த எண் அது: சராசரி 50, ஒவ்வொரு 10 புள்ளியும் ஒரு திட்ட விலக்கம். 79 என்றால் உச்சாணிக் கொம்பு. தேர்வில் வில்லன்களாக நிறுத்தப்பட்ட ரோபோக்களை உடைத்தால் வகைக்கு ஏற்ப 1, 2, 3 புள்ளிகள். ராட்சத ரோபோவுக்கு 0. மிதோரியா அந்தப் பூஜ்யப் புள்ளி ரோபோவை உடைக்கிறான், அடியில் சிக்கிய பெண்ணைக் காப்பாற்ற. முடிவில் அவனுடைய வில்லன் புள்ளி 0, முன்கூட்டிச் சொல்லாத மீட்புப் புள்ளி 60. முதலிடம் பெற்ற பாகுகோவுக்கு நேர்மாறு: 77, 0. இருவரின் இயல்பையும் ஒரு மதிப்பெண் பட்டியல் சொல்லிவிடுகிறது. பரீட்சையை உயிராக நினைக்கும் சமூகத்திலிருந்து வருகிற எவருக்கும் இந்தக் காட்சி நேராகப் புரியும்.

ஹீரோ என்பது அங்கே தொழில். உரிமம் இல்லாமல் பொது இடத்தில் சக்தியைப் பயன்படுத்துவது குற்றம். ஹொசு நகரில் கொலைகாரன் ஸ்டெய்னை மூன்று மாணவர்கள் மடக்கியபோது, காவல்துறைத் தலைவர் மருத்துவமனைக்கே வந்து, நீங்கள் செய்தது சட்டமீறல் என்கிறார். தண்டனையிலிருந்து காப்பாற்ற, அந்தப் பெருமையை எண்டெவர் என்ற ஹீரோவின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தற்காலிக உரிமத் தேர்வில் 1,540 பேர் எழுத, முதல் சுற்றில் 100 பேருக்கு மட்டும் இடம். வகுப்பிலேயே பலசாலிகளான பாகுகோவும் தொதொரோகியும் மீட்புச் சுற்றில் தோற்கிறார்கள், ஒருவன் காயம்பட்டவர்களை அதட்டியதற்காக, மற்றவன் சக தேர்வாளனோடு மோதியதற்காக. ஹீரோக்களுக்கு அரசு பணம் தருகிறது. விளம்பரத்தில் நடிப்பதும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை தரவரிசை வேறு.

இந்தத் தொழில் பக்கத்தை இன்னும் ஆழமாகத் தோண்டியது, 2011இல் சன்ரைஸ் தயாரித்த டைகர் அண்ட் பன்னி. ஹீரோக்கள் வில்லனைப் பிடிப்பது நேரலை நிகழ்ச்சி. கைதுக்கும் மீட்புக்கும் புள்ளி. உடையில் நிஜ நிறுவனங்களின் சின்னங்கள். ப்ளூ ரோஸ் என்ற பாத்திரத்தின் உடையில் பெப்சி விளம்பரம் நிஜமாகவே இருந்தது. நாயகன் கொதெத்சு மனைவியை இழந்த நடுவயதுக்காரர், ஒரு பெண்ணுக்குத் தகப்பன். அவருடைய சக்தி ஐந்து நிமிடம் நிற்கும், மறுபடி வர ஒரு மணி நேரம். பிற்பாடு அந்த ஐந்து நிமிடமும் தேயத் தொடங்குகிறது. வேலையில் கை தளரும் ஒரு மனிதனைப் பற்றி இதைவிட நேர்மையாகப் பேசிய ஹீரோ கதை எனக்குத் தெரிந்து இல்லை.

ஒன் பஞ்ச் மேன் எதிர்த்திசையில் போகிறது. அதன் நாயகன் சைதாமாவுக்கு எல்லையே கிடையாது. மூன்று ஆண்டுகள் தினமும் 100 தண்டால், 100 வயிற்றுப் பயிற்சி, 100 பஸ்கி, 10 கிலோமீட்டர் ஓட்டம், அவ்வளவுதான் ரகசியம். அப்படியானால் விலை எங்கே? போட்டி இல்லாத வாழ்க்கையின் சலிப்பில். ஹீரோ சங்கத்தில் அவனுக்கு முதலில் கிடைத்தது கடைசி வகுப்பான சி-யில் 388ஆம் இடம். வாரத்துக்கு ஒரு நற்செயலாவது செய்யாவிட்டால் பெயர் நீக்கப்படும். ஆனால் ரசிகர்கள் நெஞ்சில் வைத்திருப்பது சைக்கிளில் வரும் முமென் ரைடரை. கடல் அரசன் என்ற அரக்கன் முன் தோற்பது உறுதி என்று தெரிந்தே வந்து நிற்கிறான். சைதாமா ஒரே குத்தில் அரக்கனை முடித்தபின், தோற்ற ஹீரோக்களைக் கூட்டம் இளக்காரம் செய்யத் தொடங்குகிறது. உடனே, மற்றவர்கள் முன்பே தளர வைத்ததால்தான் என்னால் முடிந்தது என்று சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். எல்லையற்ற பலம் அன்று செய்த பெரிய காரியம் அந்தப் பொய்தான்.

பாத்திரங்கள்மேல் வரும் பற்று, குறையிலிருந்து வருகிறது. ஜம்ப் இதழின் வாசகர் வாக்கெடுப்புகளில் பலமுறை முதலிடம் பாகுகோவுக்கு. சிறுவயதில் மிதோரியாவைச் சீண்டிக் கொடுமைப்படுத்தியவன் அவன். ‘தெகு’, ஒன்றுக்கும் உதவாதவன், என்று பட்டப்பெயர் வைத்தவனும் அவனே. அவன் மிதோரியாவை இசுகு என்று பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்பது மாங்காவின் 322ஆம் அத்தியாயத்தில். ஏழு ஆண்டுகளுக்கு மேல் வாசகர்கள் அதற்குக் காத்திருந்தார்கள். எண்டெவர் விஷயத்தில் ரசிகர்கள் இன்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள்: முதலிடத்துக்கு வந்த ஹீரோ, வீட்டில் மனைவியையும் மகன்களையும் நொறுக்கியவர். கதை அவருக்கு மன்னிப்பை எளிதாகத் தருவதில்லை. அதுதான் சரி என்பேன்.

வில்லன் ஷிகராகியின் ஈர்ப்பும் இங்கேதான். ஐந்து வயதில் தன் கட்டுக்கடங்காத சக்தியால் குடும்பத்தையே அழித்துவிட்டு, ரத்தம் காய்ந்த முகத்தோடு தெருவில் நடக்கிறான் அந்தச் சிறுவன். பார்ப்பவர்கள் எல்லோரும் யாராவது ஹீரோ வருவார் என்று விலகிப் போகிறார்கள். கிட்டே வந்த ஒரு பெண்மணியும் பயந்து பின்வாங்குகிறார். உதவியைத் தொழிலாக்கி, உரிமம் கொடுத்து, தரவரிசை போட்ட சமூகம் மற்றவர்களின் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்பதே கதையின் கூர்மையான கேள்வி. கடைசி அத்தியாயங்களில் அதே பெண்மணி, முதுமையில், அதே நிலையிலிருக்கும் இன்னொரு சிறுவனிடம் இந்த முறை கை நீட்டுகிறார். பெரும் போர்களைவிட இந்தச் சிறு காட்சிக்காகவே நான் இந்தக் கதையை மற்றவர்களுக்குச் சொல்வேன்.

சறுக்கல்களும் உண்டு. பிற்பகுதியில் மிதோரியாவுக்கு, ஆல் மைட் கொடுத்த சக்தியை முன்பு வைத்திருந்தவர்களின் சக்திகளும் ஒவ்வொன்றாகச் சேர, முதலிலிருந்த கறாரான கணக்கு தளர்கிறது. எது எப்போது தீரும் என்பது பார்ப்பவர் கையிலிருந்து நழுவிவிடுகிறது. யாவோயோரோசு போன்ற அருமையான பாத்திரங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உரிய இடம் கிடைக்கவில்லை. கூட்டம் பெருகினால் இது நடக்கும்.

ரசிகர்கள் சொந்தப் பாத்திரம் உருவாக்கும்போது சறுக்குவதும் இதே இடத்தில்தான், ஆகவே முறையைச் சொல்லிவிடுகிறேன். சக்தியை ஒரே வினையில் எழுதுங்கள்: உள்ளங்கையால் தொட்ட பரப்பின் உராய்வை நீக்குவாள். அடுத்து எண் போடுங்கள்: 2 சதுர மீட்டர், 40 விநாடி. பிறகு விலை, அது சக்தியோடு ஒட்டிப் பிறந்ததாக இருக்கட்டும்: அந்த 40 விநாடியும் அவள் உள்ளங்கைக்கும் பிடிமானம் இராது. இனி உடை தானாக வரும்: காலணியில் முட்கள், முழங்கையில் கொக்கி. பிறகு இந்த விலை அவளை எங்கே முறிக்கும் என்று தேடுங்கள். திருடனை வழுக்கி விழ வைத்த அடுத்த நொடி, மாடி விளிம்பில் ஒரு குழந்தை தொங்குகிறது. அவள் கையால் பிடிக்க முடியாது. கதை அங்கே தொடங்குகிறது. ‘தலைவலி வரும்’ என்று பொதுவாக எழுதிய விலை எந்தக் காட்சியையும் மாற்றாது, ஆகவே பயன்படாது. இரண்டு சக்தி கொடுத்தால் ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும். சோகமான கடந்த காலத்தை மட்டும் பக்கம் பக்கமாக எழுதி, அவள் பேருந்தில் எப்படி நிற்பாள், சோப்பு போட்டு எப்படிக் குளிப்பாள் என்று யோசிக்காமல் விட்டாலும் பாத்திரம் காகிதத்திலேயே நின்றுவிடும். வரைகிறவர்கள் உருவத்தை முழுக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள்; நிழலை வைத்தே ஆள் யாரென்று தெரிய வேண்டும்.

புதிதாகப் பார்க்கிறவர்கள், மொத்தக் கதையும் நீளமாயிற்றே என்று மலைக்க வேண்டாம். ஒன் பஞ்ச் மேனின் முதல் சீசன் 12 எபிசோட், தனியாகப் பார்த்தாலே நிறைவு தரும். டைகர் அண்ட் பன்னியின் முதல் சீசன் 25. மை ஹீரோ அகாடமியாவின் முதல் சீசன் 13 எபிசோட். அது முன்னுரைதான், அதை வைத்து முடிவெடுத்து நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது சீசனின் பத்தாவது எபிசோட் வரை போங்கள். பள்ளி விளையாட்டு விழாவில், தகப்பன் எண்டெவரிடமிருந்து வந்தது என்பதற்காகத் தன் உடம்பின் ஒரு பாதியிலுள்ள நெருப்பை விட்டு, மறு பாதியின் பனியை மட்டும் பயன்படுத்தும் தொதொரோகியோடு மிதோரியா மோதுகிறான். வெறும் பனியால் அவன் உடம்பு உறைந்து மந்தமாகிக்கொண்டிருக்கிறது. இவனோ ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு விரலை உடைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நிலையில், அது உன்னுடைய சக்திதானே என்று கத்துகிறான். எதிரியைப் பலப்படுத்தினால் தோற்பது தான்தான் என்று தெரிந்தே கத்துகிறான். தோற்கவும் செய்கிறான். அந்த எபிசோட் உங்களை அசைக்கவில்லை என்றால், தயங்காமல் விட்டுவிட்டு வேறு பார்க்கலாம்.